ஆட்டமும் அறமும்

நேர்மையாக நடந்து, அதனால் இழப்புற்ற ஒருவரைக் கண்டால், "பாவம், பிழைக்கத் தெரியாதவர்" என்று சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அச்சொல்லில் இரக்கமும் உண்டு, ஏளனமும் உண்டு. அவ்விரண்டினும் ஆழமாக, அதனுள் ஒரு கொள்கையும் உறைந்திருக்கிறது. அறிவு வேறு, அறம் வேறு. அறத்தைப் பற்றி நிற்பவன் அறிவில் சற்றுக் குறைந்தவனே என்பது அக்கொள்கை. இதனை எந்த ஆசிரியரும் வகுப்பறையில் கற்பிப்பதில்லை. ஆயினும் நம் மாணவர்கள் இதனைக் கடைத்தெருவிலும், அலுவலக வாயில்களிலும், சில வேளைகளில் நம் வீட்டுத் திண்ணைகளிலும் கற்றுக்கொண்டுதான் வருகின்றனர். பட்டம் பெற்று வெளியேறும் ஒருவரின் நெஞ்சில் இக்கொள்கை வேரூன்றிவிட்டால், நாம் கற்பித்த இலக்கியமும் மெய்யியலும் தேர்வுத்தாளோடு முடிந்துபோயின என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, தன்னலம் பேணுவதே அறிவுடைமை என்னும் கருத்து உண்மைதானா என ஆராய்வது நம் கடமையாகிறது. அறநூல்களின் துணைகொண்டு இதனை மறுப்பது எளிது. ஆனால் அறநூலையே ஏற்காதவனிடம் அம்மறுப்புச் செல்லாது. அவன் போற்றும் இலாப நட்டக் கணக்கின் வாயிலாகவே அவனைச் சந்திக்க வேண்டும். அதற்கு வழிவகுத்திருப்பது 20ஆம் நூற்றாண்டில் கணிதத்துறையில் தோன்றிய ஆட்டக் கோட்பாடு. அது நம் வினாவிற்கு விடை தருகிறது; ஆனால் பாதி விடையே தருகிறது. அந்தப் பாதி எது, மற்றப் பாதி எங்கிருந்து வரவேண்டும் என்பதே ஈண்டு நாம் சொல்ல விழைவது.

கணிதம் கண்ட ஆட்டம்

சதுரங்கம் ஆடுபவன் தன் காயை நகர்த்துமுன், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று எண்ணிப் பார்க்கிறான். எதிராளியும் இவனைப் பற்றி அவ்வாறே எண்ணுகிறான். ஒருவன் பெறும் பயன் அவனுடைய முடிவை மட்டும் சாராமல், பிறருடைய முடிவையும் சார்ந்து நிற்கும் நிலை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் ஓர் 'ஆட்டம்' நிகழ்கிறது என்பர் இத்துறை அறிஞர். போட்டி வணிகர் இருவர் விலை வைப்பதும், பகை நாடுகள் படைக்கலம் குவிப்பதும், ஒரே வாய்க்காலிலிருந்து பல உழவர் நீர் பாய்ச்சுவதும் இப்பொருளில் ஆட்டங்களே. பெயர்தான் ஆட்டம், பொருள் வாழ்க்கையே.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை இத்துறைக்குக் கால்கோள் இட்டது. அவரும் பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் இணைந்து எழுதிய பெருநூலை 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1950இல் ஜான் நாஷ் என்னும் இளைஞர் 'சமநிலை' என்னும் கருத்தை நிறுவினார். மற்றவர்கள் தத்தம் முடிவில் மாறாதிருக்கையில், எவரும் தம் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு கூடுதல் பயன் அடைய இயலாத நிலையே அச்சமநிலை. இத்துறைப் பணிக்காக நாஷ், ஜான் ஹர்சான்யி, ரைன்ஹார்ட் செல்டன் ஆகிய மூவர்க்கும் 1994ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய கணிதத்தில் அறவியலார்க்கு என்ன வேலை எனக் கேட்கலாம். தனித்தீவில் ஒருவனே வாழ்ந்தால் அவனுக்கு வாக்குறுதியும் இல்லை, வாய்மையும் இல்லை, பங்கீடும் இல்லை. பலர் கூடி வாழ்வதனாலேயே, ஒருவர் செயல் மற்றவரைத் தாக்குவதனாலேயே இவை எழுகின்றன. ஆட்டக் கோட்பாட்டிற்கும் அறவியலுக்கும் களம் ஒன்றே.

இரு கைதிகள்

அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரில் ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் உள்ளது. அங்குப் பணியாற்றிய மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்னும் இருவர் 1950ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தை வகுத்தனர். அதே ஆண்டில் ஆல்பர்ட் டக்கர் என்னும் கணிதப் பேராசிரியர் அதற்கு ஒரு கதை வடிவம் தந்தார். அதுவே 'கைதிகளின் இக்கட்டு' என உலகெங்கும் வழங்குவது.

ஒரு குற்றத்தில் கூட்டாளிகள் இருவர் பிடிபடுகின்றனர். இருவரும் தனித்தனி அறைகளில் வைக்கப்படுகின்றனர். இருவரும் வாய் திறவாவிடில் ஆளுக்கு 1 ஆண்டுச் சிறை. ஒருவன் மற்றவனைக் காட்டிக்கொடுத்து, மற்றவன் வாய் திறவாதிருந்தால், காட்டிக்கொடுத்தவனுக்கு விடுதலை. மற்றவனுக்கு 10 ஆண்டு. இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தால் ஆளுக்கு 5 ஆண்டு. இப்போது ஒரு கைதி இவ்வாறு கணக்கிடுகிறான்: "அவன் பேசாதிருந்தால், நான் காட்டிக்கொடுத்து இன்றே விடுதலை பெறலாம். அவன் காட்டிக்கொடுத்தால், நானும் காட்டிக்கொடுத்து 10 ஆண்டை 5 ஆண்டாகக் குறைத்துக்கொள்ளலாம். அவன் எதைச் செய்தாலும் எனக்குக் காட்டிக்கொடுப்பதே நலம்." கணக்கில் பிழையில்லை. மற்றவனும் இதே கணக்கைப் போடுகிறான். முடிவில் இருவரும் 5 ஆண்டு சிறையிருக்கின்றனர். வாய் திறவாதிருந்தால் 1 ஆண்டில் வெளிவந்திருப்பர்.

இங்கு உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருவரும் அறிவு மயங்கி இக்கேட்டிற்கு ஆளாகவில்லை. தன்னலக் கணக்கைச் செவ்வனே போட்டதனாலேயே ஆளாயினர். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று ஒவ்வொருவரும் தமக்கென்றே எண்ணும்போது, எவர்க்கும் எதுவும் மிஞ்சாமல் போகும் நிலை உண்டு என்பதைக் கணிதமே எண்பித்துவிட்டது.

இதனை நம் தேர்வுக்கூடத்தில் வைத்துப் பார்ப்போம். "மற்றவர் பார்த்து எழுதாதபோது நான் பார்த்து எழுதினால் முந்திக்கொள்வேன். மற்றவர் பார்த்து எழுதும்போது நான் மட்டும் எழுதாவிடில் பின்தங்குவேன். எனவே எப்படியும் பார்த்து எழுதுவதே நலம்" என்று ஒரு மாணவர் கணக்கிடலாம். கூடம் முழுவதும் இக்கணக்கைப் போட்டால், எல்லார் கையிலும் உயர்ந்த மதிப்பெண் இருக்கும். அம்மதிப்பெண்ணை வேலை தருவோர் எவரும் மதியார். முந்த நினைத்தவர் எவரும் முந்தவில்லை; படித்து எழுதியவரின் சான்றிதழும் பாழாயிற்று. கையூட்டும் இத்தகையதே. வரிசையை மீறுவதும் இத்தகையதே. "எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஏன்" என்னும் சொல், அறையில் அடைபட்ட கைதியின் சொல்லே.

இச்சிக்கலைக் கணிதம் காணுமுன்னரே மெய்யியலார் கண்டிருந்தனர். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹ்யூம் 1740ஆம் ஆண்டு வெளியிட்ட நூற்பகுதியில் இரு உழவரைக் காட்டுகிறார். ஒருவர் கதிர் இன்று முற்றும். மற்றவர் கதிர் நாளை முற்றும். இன்று நான் உனக்கு உதவி, நாளை நீ எனக்கு உதவினால் இருவர்க்கும் நலம். ஆனால் ஒருவரையொருவர் நம்பாமையால் இருவரும் தனித்தனியே உழன்று, இருவரும் விளைச்சலை இழக்கின்றனர். நம்பிக்கை என்னும் ஒன்று இல்லாதவிடத்து உழைப்பும் அறிவும் இருந்தும் பயனில்லை என்பதே அவர் காட்டும் உண்மை.

மூடனுக்கு ஒரு மறுமொழி

ஆங்கிலேய மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ் 1651ஆம் ஆண்டு வெளியிட்ட 'லெவையதன்' என்னும் நூலில் ஒரு 'மூடன்' வருகிறான். நீதி என்று ஒன்று இல்லை. ஆதாயம் கிட்டுமாயின் வாக்குறுதியை மீறுவதே அறிவுடைமை என்பது அவன் வாதம். வாக்கு மீறுபவன் என அறியப்பட்டவனைக் கூட்டாளியாக எவரும் ஏற்கமாட்டார். அவன் பிழைத்திருப்பது பிறர் ஏமாறுவதைப் பொறுத்ததே. பிறர் ஏமாற்றத்தை நம்பி வாழ்வது அறிவுடைமை ஆகாது என்று ஹாப்ஸ் மறுமொழி கூறினார்.

ஏறத்தாழ 330 ஆண்டுகள் கழித்து இம்மறுமொழி கணிப்பொறியில் சோதிக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஆக்செல்ராட், கைதிகளின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் கணிப்பொறி நிரல்களை அறிஞர்களிடமிருந்து வரவழைத்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டார். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் வஞ்சித்தால் ஆளுக்கு 1. ஒருவர் வஞ்சித்து மற்றவர் ஒத்துழைத்தால் வஞ்சித்தவர்க்கு 5, மற்றவர்க்கு 0. முதற்போட்டியில் 14 நிரல்கள் வந்தன. முடிவுகளை வெளியிட்டபின் நடத்திய இரண்டாம் போட்டிக்கு 6 நாடுகளிலிருந்து 62 நிரல்கள் வந்தன. தந்திரம் மிகுந்த நிரல்கள் பல அவற்றுள் இருந்தன. ஆயினும் இரு போட்டிகளிலும் முதலிடம் பெற்றது, டொராண்டோவில் பணியாற்றிய அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரலே. 'பதிலுக்குப் பதில்' என்பது அதன் பெயர். முதற்சுற்றில் ஒத்துழைக்கும், அதன்பின் எதிராளி முந்திய சுற்றில் செய்ததையே செய்யும். அவ்வளவே.

இந்நிரலின் இயல்புகளை ஆக்செல்ராட் தொகுத்துரைத்தார். அது தானாக முன்வந்து வஞ்சிப்பதில்லை. வஞ்சித்தவனை உடனே தட்டிக்கேட்கும். அவன் திருந்தினால் உடனே மன்னித்துவிடும். தன் போக்கை ஒளிப்பதில்லை. இவற்றினும் வியப்பான ஒன்றுண்டு. இந்நிரல் தனித்தனி ஆட்டம் எதிலும் தன் எதிராளியைவிடக் கூடுதல் புள்ளி பெற்றதே இல்லை, பெறவும் இயலாது. எவரையும் தோற்கடிக்காமலே அது போட்டியில் வென்றது. பிறர் வீழ்ந்தால்தான் நாம் எழலாம் என்று எண்ணுவோர் இச்செய்தியை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. கைதவறி ஒருமுறை வஞ்சம் நேர்ந்துவிட்டால், பழிக்குப் பழி என அது முடிவின்றித் தொடரும். 1992இல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்தனர். பிழை நேரக்கூடிய உலகில், வஞ்சத்தை ஏறத்தாழ மூன்றில் ஒருமுறை பொறுத்துக்கொண்டு மீண்டும் ஒத்துழைக்கும் போக்கே தழைக்கும் என்று மேற்கண்ட புள்ளிகளைக்கொண்டே அவர்கள் காட்டினர். பொறுமையும் கணக்கில் இடம்பெற்றுவிட்டது.

விதியை மாற்றிய உழவர்

கைதிகள் பேசிக்கொள்ள முடியாது. விதியை மாற்றவும் முடியாது. மக்களோ பேசலாம்; விதியையும் மாற்றலாம். பொதுவான மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவர் பேராசையாலும் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அவ்வாறு அழிந்தே தீரவேண்டுவதில்லை என்று 1990ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவினார். 2009ஆம் ஆண்டு அவர் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று ஸ்பெயின் நாட்டு வாலென்சியா. அங்கே துரியா ஆற்றுநீரைப் பங்கிடும் வாய்க்கால்களுக்கென உழவர் நீதிமன்றம் ஒன்று உண்டு. முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் வேரூன்றியது என்று கருதப்படும் அவ்வமைப்பு, 1238இல் அந்நகர் அரகான் மன்னர் வசமான பின்னரும் தொடர்ந்தது. வாய்க்காலைக் குறிக்க ஸ்பானியர் இன்றும் வழங்கும் 'அசேக்கியா' என்னும் சொல் 'சாக்கியா' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. 1435ஆம் ஆண்டு இரு வாய்க்கால்களைச் சார்ந்த உழவர் 84 பேர் ஒரு மடத்தில் கூடித் தமக்கான நீர்ப்பங்கீட்டு விதிகளைத் தாமே வகுத்ததை ஆஸ்ட்ரம் எடுத்துரைக்கிறார். வாரந்தோறும் வியாழக்கிழமை பேராலய வாயிலில் கூடும் அந்நீதிமன்றத்தில் நடுவர்களாக அமர்வோர் உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உழவர்களே. விசாரணை வாய்மொழியாகவே நடைபெறும். 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

அங்கே உழவர் நீரைத் திருடாதிருப்பது அவர்கள் அனைவரும் சான்றோர் என்பதனால் மட்டுமன்று. முறைநீர் பாய்ச்சுபவனை அடுத்த முறைக்குக் காத்திருப்பவன் கண்காணிக்கிறான். மீறினால் தண்டம் உண்டு. விதியை வகுத்ததில் தனக்கும் பங்குண்டு என்னும் உணர்வும் ஒவ்வொருவர்க்கும் உண்டு. நல்லவனாக இருப்பவன் ஏமாளி ஆகாதபடி ஆட்டத்தின் விதிகளை அவர்கள் அமைத்துக்கொண்டனர். நேர்மையைப் போதிப்பது மட்டும் போதாது. நேர்மையானவர் தோற்காத நிலையையும் ஆக்கித் தரவேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம். ஆட்டக் கோட்பாடு அறவியலுக்குத் தந்த பெருங்கொடை இதுவே.

அச்சுறுத்துவோர்க்கா கூடுதல் பங்கு?

இதுவரை சொன்னது பாதி விடை. இவ்வளவில் நின்றுவிடலாம் என்றும், அறம் முழுவதையும் கணக்கிலிருந்தே பெறலாம் என்றும் கருதுவோர் உண்டு. அவர்கள் கருத்தில்தான் நாம் மாறுபடுகிறோம்.

1954ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறவியற் பேராசிரியர் ரிச்சர்ட் பிரெய்த்வெயிட் தம் பதவியேற்பு உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், அறவியலார்க்கு ஆட்டக் கோட்பாடு எவ்வாறு கருவியாகும் என்பதே. அவர் ஒரு சிக்கலை முன்வைத்தார். அடுத்தடுத்த இரு வீடுகளில் லூக், மேத்யூ என இருவர் குடியிருக்கின்றனர். லூக் பியானோ வாசிப்பவர். மேத்யூ எக்காளம் ஊதுபவர். இருவர்க்கும் இசைக்கக் கிடைப்பது மாலையில் ஒரே ஒரு மணி நேரம். ஒருவர் இசை மற்றவர் வீட்டில் தெளிவாகக் கேட்கும். மாலைப் பொழுதுகளை இருவர்க்கும் எவ்வாறு பங்கிடுவது நியாயம்?

பிரெய்த்வெயிட் இருவரின் விருப்புவெறுப்புகளையும் எண்களாக்கிக் கணக்கிட்டார். 43 மாலைகளில் லூக்கிற்கு 17, மேத்யூவிற்கு 26 என விடை வந்தது. மேத்யூவிற்கு ஏன் கூடுதல் பங்கு? அவருக்குத் தேவை மிகுதியா? உழைப்பு மிகுதியா? இல்லை. இருவரும் ஒருசேர இசைத்து எழும் கூச்சலை லூக்கால் தாங்க முடியாது. அதைவிட அமைதியே மேல் என்பார். மேத்யூவோ அமைதியைவிடக் கூச்சலே மேல் என்பவர். எனவே, "உடன்பாடு இல்லையேல் நான் ஊதிக்கொண்டே இருப்பேன்" என்று அச்சுறுத்தும் வலிமை மேத்யூவிடம் இருக்கிறது. அவ்வலிமைக்கே கணக்குக் கூடுதல் மாலைகளை அளித்தது.

ஜான் ரால்ஸ் என்னும் அமெரிக்க மெய்யியலார் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நீதிக் கோட்பாட்டு நூலில் இதனைச் சுட்டி மறுத்தார். அவரவர் அச்சுறுத்தும் ஆற்றலுக்கேற்பப் பங்கிடுவது நீதி ஆகாது என்பது அவர் முடிபு. நாமும் அதனையே உரக்கச் சொல்ல விழைகிறோம். பாகப்பிரிவினையில் கூச்சலிடும் தம்பிக்கு நல்ல நிலத்தையும், அமைதியாக நிற்கும் தங்கைக்கு மிச்சத்தையும் கொடுத்துவிட்டு, "சமாதானமாக முடித்தோம்" என்று எழுந்துவரும் பஞ்சாயத்துகளை நாம் பார்த்ததில்லையா? அங்குச் சமநிலை உண்டு, நீதி இல்லை. சண்டை ஓய்ந்தது என்பதும் நியாயம் கிடைத்தது என்பதும் ஒன்றல்ல.

அடுத்த சுற்று இல்லாதவிடத்து

'பதிலுக்குப் பதில்' தழைத்தது, நாளையும் சந்திப்போம் என்னும் எதிர்பார்ப்பினால். இதுவே கடைசிச் சுற்று எனத் தெரிந்துவிட்டால், பதிலடிக்கு அஞ்ச வேண்டுவதில்லை, வஞ்சிப்பதே ஆதாயம். கடைசிச் சுற்றில் வஞ்சகம் உறுதி என்றால் அதற்கு முந்திய சுற்றில் நல்லவனாக இருந்து பயன் என்ன? இவ்வாறு பின்னோக்கிச் சென்று, முதற்சுற்று வரை ஒத்துழைப்பைக் கணக்கே அரித்துவிடும்.

பொருளீட்டக் கடல் கடந்து செல்பவர் தம் நகையையோ பணத்தையோ எழுத்தும் சாட்சியும் இன்றி ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வது நம் ஊர்களில் உண்டு. அதனை அமானிதம் என்கிறோம். சென்றவர் அங்கேயே இறந்துவிட்டார் என்று கொள்வோம். ஒப்படைத்த செய்தி அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது. திருப்பித் தராவிடில் பதிலடி இல்லை, பழிச்சொல் இல்லை, அடுத்த சுற்றும் இல்லை. ஹாப்ஸின் மறுமொழி இங்குச் செல்லாது. ஆக்செல்ராடின் கணிப்பொறியும் வாய் மூடிக்கொள்ளும். ஆயினும் அப்பொருளை நள்ளிரவில் எண்ணிப் பார்த்து, விடிந்ததும் அப்பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் இருக்கிறார். அவரைத்தான் நாம் அறவோர் என்கிறோம். கணக்கு முடிந்த இடத்தில் அவருடைய அறம் தொடங்குகிறது.

பதிலடி தரும் ஆற்றலே இல்லாதவர் நிலை என்ன? கனடா நாட்டு மெய்யியலார் டேவிட் கோதியே 1986ஆம் ஆண்டு எழுதிய நூலில், தன்னலம் பேணும் அறிவுடையோரின் உடன்பாட்டிலிருந்தே அறத்தை வருவிக்க முயன்றார். கூர்மையான முயற்சி அது. ஆனால் உடன்பாட்டிற்குக் கைம்மாறாக எதுவும் தர இயலாதோர், விலங்குகளும் இன்னும் பிறவாதோரும் பிறவியிலேயே ஊனமுற்றோரும், அத்தகைய அறத்தின் எல்லைக்கு வெளியே நிற்பர் என்பதை அவரே மறையாது ஒப்புக்கொண்டார். அவர் நேர்மை பாராட்டத்தக்கது. அம்முடிபு ஏற்கத்தக்கதன்று. கைம்மாறு தர இயலாதவரிடம் நாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதிலன்றோ அறம் சோதிக்கப்படுகிறது! நிலத்தடி நீரை நாம் உறிஞ்சித் தீர்த்தால், இன்னும் 50 ஆண்டு கழித்துப் பிறப்பவன் நமக்கு எதிராக என்ன காய் நகர்த்த முடியும்?

அமர்த்தியா சென் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் 'பகுத்தறிவுள்ள மூடர்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். தன் விருப்பப் பட்டியல் ஒன்றைக்கொண்டே எல்லாச் செயலையும் தீர்மானிக்கும் மனிதன் உண்மையில் அறிவாளி அல்லன். தனக்கு ஆதாயம் இல்லாதபோதும் ஒன்றைச் செய்யத்தக்கது எனக் கருதிச் செய்யும் கடப்பாடு மனிதனிடம் உண்டு என்பது அவர் வாதம். ஹாப்ஸ் காட்டிய மூடன் யாரென்று நமக்கு இப்போது முழுமையாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். 'பதிலுக்குப் பதில்' நிரலைப் படைத்த ராப்பபோர்ட், அதற்கு முன்னரே 1964ஆம் ஆண்டு 'உத்தியும் மனச்சான்றும்' எனப் பொருள்படும் நூலொன்றை எழுதியிருந்தார். அணுகுண்டுப் போரைச் சதுரங்கம் போல் கணக்கிட்ட உத்தி வல்லுநர்களை அவர் அதில் கண்டித்தார். ஆட்டக் கோட்பாட்டில் தோய்ந்தவரே, அக்கணக்கு மனச்சான்றுக்கு ஈடாகாது என்று எச்சரித்தது நம் சிந்தனைக்கு உரியது.

நம் கடமை

ஆட்டக் கோட்பாடு நமக்குக் கற்பிப்பவை இரண்டு. தன்னலம் மட்டுமே அறிவுடைமை என்பான் தன் கணக்கையே முழுமையாகப் போடவில்லை என்பது ஒன்று. நேர்மைக்கு ஏற்ற விதிகளை அமைத்தால் சாதாரண மனிதரும் நேர்மையாக வாழ இயலும் என்பது மற்றொன்று. அது கற்பிக்க இயலாதவையும் உண்டு. யாரெல்லாம் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும், வலியவன் அச்சுறுத்தலுக்கு எவ்வளவு இடம் தரலாம், எவரும் பார்க்காதபோது எப்படி நடப்பது என்பன அவை. இவற்றிற்கு விடை மனச்சான்றிலிருந்தே வரவேண்டும்; அம்மனச்சான்றை வளர்ப்பது கல்வியின் பொறுப்பு.

ஆசிரியப் பெருமக்கள் தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பைத் தளர்த்தாதிருப்பது, படித்து எழுதும் மாணவர்க்குச் செய்யும் நீதி. ஊர்ப் பெரியோர் பங்கீடு செய்ய அமரும்போது, உரக்கப் பேசுபவர் யார் எனப் பாராது, பேச வாயில்லாதவர் யார் என முதலில் பார்த்தல் வேண்டும். மாணவ நண்பர்கள், "எல்லாரும் செய்கிறார்கள்" என்னும் சொல் தம் நாவில் வரும்போதெல்லாம், அடைபட்ட அறையில் கணக்குப் போடும் அந்தக் கைதியை நினைவுகூர்தல் வேண்டும். அவனுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. அறைக்கு வெளியே வந்து ஒருவரோடொருவர் பேசலாம், வாக்களிக்கலாம், அவ்வாக்கைக் காக்கலாம்.

நேர்மையால் இழப்புற்றவரை இனி நாம் "பிழைக்கத் தெரியாதவர்" என்று சொல்லாதிருப்போம். சிறப்பாக, நம் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லாதிருப்போம். அவர் இழந்தது அவர் அறிவின் குறையால் அன்று; அவரைத் தனியே விட்டுவிட்ட நம் குறையால். அவர் பக்கம் இன்னும் ஒருவர், பின்னும் ஒருவர் எனச் சென்று நின்றால் ஆட்டத்தின் போக்கு மாறும். அவ்வாறு முதலில் சென்று நிற்பவர்க்கு ஆதாயம் எதுவும் கிட்டாமற் போகலாம். அதனை அறிந்தே அவர் செல்ல வேண்டும்.